மனு மண்டபத்தின் முதல் பெஞ்சு

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் வை. மருதை கட்டிய வீட்டின் மாடிப்படிகள் இருபத்தொன்று. பதினாறு போதும் என்றுதான் இன்ஜினியர் படம் போட்டுக் கொண்டுவந்தார். தலைவர் மருதை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் மேலேர்ந்து இறங்குறப்ப கீழே நிக்கிறவன் 'வாழ்க'ன்னு கத்துவான். கத்திட்டு மூச்சு வாங்கி இன்னொரு தடவை கத்தறதுக்குள்ள நான் கீழே வந்து நின்னுட்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். ஐந்து படி கூடியது. படி கூடியதால் ஹாலின் கூரை உயர்ந்தது, கூரைக்குத் தக்கபடி தூண் பருத்தது, தூணுக்குத் தக்கபடி ஹாலும் நீண்டது. இரண்டாவது கோஷத்துக்கு இடம் விட்டுக் கட்டியதில், ஆறு பேர் குடியிருக்க வேண்டிய வீடு கல்யாணச் சத்திரம் அளவுக்கு வந்து நின்றது.

மருதை வையம்பட்டிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பெயருக்கு முன்னால் இருக்கும் 'வை' அப்பா பெயரல்ல, ஊர்ப் பெயர். ஒரு முறை எம்.எல்.ஏ.வாகவும், ஒரு முறை ஏதோ ஒரு வாரியத்துக்குத் தலைவராகவும் இருந்தார். சாமி கிடையாது என்று மேடைதோறும் பேசியவர் போயும் போயும் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே வீடு கட்டுவானேன் என்று கேட்டவர்களுக்கு, "பக்கத்துல இருந்து கண்காணிக்கத்தான்" என்று பதில் சொன்னார். அப்படிக் கண்காணித்துக்கொண்டிருந்தபோதே, பாதி எழும்பிய கட்டடத்தின் தலைவாசல் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாறியது. யார் சொல்லி மாறியது என்பது கொல்லைப்புறமாக வந்துபோன ஜோசியருக்கும் கொத்தனாருக்கும் மட்டுமே தெரியும். எழுபத்தொன்றில் குடிபோனார்கள். பால் காய்ச்சுவது மூடப்பழக்கம் என்பதால் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் முதலில் பாலைக் காய்ச்சத்தான் வேண்டியிருந்தது.

அந்த நீண்ட ஹாலுக்குத் தலைவர் வைத்த பெயர் மக்கள் மண்டபம். ஜனங்கள் வைத்த பெயர் மனு மண்டபம். எட்டு தேக்கு பெஞ்சுகள். மனு கொண்டுவருகிறவர்கள் அதைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். ஒன்பது மணிக்குத் தலைவர் இறங்கி வருவார். ஒவ்வொருவர் தோளிலும் கையை வைத்து, "பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் கார் ஏறிப் போய்விடுவார். தாம்பாளம் மாடிக்குப் போகும். மாடியில் அது என்ன ஆகிறது என்று கேட்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இருதயநாதன் அந்த ஹாலுக்குள் முதன்முதலாக நுழைந்தது எழுபத்திரண்டு ஜூன் மாதம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. பாலக்கரைப் பக்கம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலை. மேட்னிக்குப் போனால் போதும் என்பதால் காலை முழுக்க அவர் சொந்தம். உறையூர்ப் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக அவருடைய அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் குடியிருந்தார். வீடு அப்பாவுடையது, நிலம் அரசாங்கத்துடையது. அரசாங்க நிலத்தில் குடியிருந்ததற்காக அந்த அப்பா ஐம்பத்து மூன்றிலிருந்து வருஷம் தவறாமல் அபராதம் கட்டினார். பி மெமோ என்பார்கள். குற்றம் செய்ததற்கான ரசீதுதான் அது என்றாலும், இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம் என்று காட்ட ஏழைகளுக்கு இருக்கிற ஒரே காகிதமும் அதுதான். அந்த ரசீதுகளைக் காட்டிப் பட்டா கேட்க வேண்டும் என்பது ரோசரியின் யோசனை. ரோசரி இருதயநாதனின் மனைவி. அந்த வீட்டில் யோசனை எல்லாம் அவளுடையதுதான்.

"அசலைக் கொடுத்துட்டு வந்துடாதீங்க. நகல் எடுத்து அதைக் கொடுங்க," என்று அவள் சொல்லித்தான் அனுப்பினாள். இருதயநாதன் நகல்தான் கொண்டுபோனார். அசலையும் பைக்குள் வைத்திருந்தார், கேட்டால் காட்டுவதற்காக. அங்கேதான் தலைவரின் பி.ஏ. ஜம்புலிங்கம் வந்தார்.

ஜம்புலிங்கம் திருவானைக்காவல்காரர். தலைவரின் நிழல். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். தாம்பாளத்தில் வைத்த நகலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, நகலு?" என்றார்.

"அசல் பையில இருக்குங்க."

"பையில இருந்தா? தலைவர் என்ன உங்க பையையா பாப்பாரு? நகலைக் கொடுத்தா தலைவரை நம்பலேன்னுல்ல ஆகுது."

சுற்றி உட்கார்ந்திருந்த நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரை நம்பாத ஆசாமி யார் என்று பார்க்கிற பார்வை. இருதயநாதனுக்கு உடம்பு கூசிப்போனது. நகலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அசலைத் தாம்பாளத்தில் வைத்தார். ஒன்பது மணிக்குத் தலைவர் இறங்கி வந்தார், இரண்டு கோஷமும் முடிந்தது, கை அவருடைய இடது தோளில் விழுந்தது. "பாத்துக்கலாம்."

அந்தக் கை கனமான கை. சந்தன சோப்பு வாசனை அடித்தது. இருதயநாதனின் அப்பா நல்ல மனிதர்தான், ஆனால் மகன் தோளில் கை வைத்துப் பேசுகிற ரகம் இல்லை. தியேட்டர் முதலாளியோ கையை வைத்தால் அது கன்னத்தில்தான் விழும். இந்தக் கை வேறு மாதிரி இருந்தது. அவர் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, சத்திரம் ஸ்டாப்பில் இறங்கும்வரை இடது தோளை அசைக்காமல் வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் ரோசரி.

"பாத்துக்கலாம்னாரு."

"யாரு பாக்கறது?"

அடுத்த வாரம் போய்க் கேட்டார். மேலே பரிசீலனையில் இருக்கிறது என்றார் ஜம்புலிங்கம். அதற்கடுத்த வாரமும் பரிசீலனையில்தான் இருந்தது. போகாத நாளில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று வாரத்துக்கு மூன்று நாள் போக ஆரம்பித்தார். பிறகு தினமும். முதல் பெஞ்சில் வலது ஓரம் அவருடைய இடம் என்று ஆகிவிட்டது. கேட்டால் பட்டாவுக்காக என்பார். பாதி அதற்குத்தான். மீதி அந்தக் கைக்காக. இதை ரோசரியிடம் எப்படிச் சொல்வது? அவள் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, காணாமல் போன ரசீதுகளைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி வேண்டிக்கொண்டிருந்தாள். "காணாமப் போகலடி, மேலே இருக்கு," என்பார் இவர். "மேலேன்னா மோட்சத்திலயா?" என்பாள் அவள்.

எழுபத்தேழில் தலைவர் தேர்தலில் தோற்றார். சும்மா தோற்கவில்லை, டெபாசிட்டையும் விட்டார்.

ஒரே வாரத்தில் மனு மண்டபம் காலியாகிவிட்டது. குறையெல்லாம் தீர்ந்துபோயிற்றா என்றால், இல்லை. ஜெயித்தவர் வீட்டு வாசலில் இப்போது நிற்க இடமில்லை என்று கேள்வி. ஒன்பது மணிக்குத் தலைவர் படி இறங்கி வந்தார். இருபத்தொரு படியும் இறங்கி முடியும்வரை அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே எட்டு பெஞ்சுகளில் ஒரே ஓர் ஆள், வலது ஓரத்தில். தலைவர் பாதி வழியில் நின்று, ஹாலைப் பார்த்துவிட்டு, மறுபடி மாடிக்கே போய்விட்டார்.

ஜம்புலிங்கம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாதன், அய்யாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறுதுன்னு டாக்டர் சொல்றாரு. இந்த ஹாலை இப்படிப் பாத்தா ஆளு பொழைக்க மாட்டாரு. நாலு பேரைக் கூட்டிட்டு வர முடியுமா? காப்பி, இட்லி நான் ஏற்பாடு பண்றேன்."

ஜம்புலிங்கம் சரியான ஆளிடம்தான் கேட்டார். படுத்துப்போன படத்துக்கு விநியோகஸ்தரின் ஆள் திடீரென்று வந்து எட்டிப் பார்த்தால் தியேட்டர் நிறைந்த மாதிரி காட்டுவது எப்படி என்று இருதயநாதனுக்கு அத்துப்படி. மறுநாள் காலை அவர் பதினொரு பேரோடு வந்தார். முறுக்கு விற்கிறவர், போஸ்டர் ஒட்டுகிறவர், சைக்கிள் ஸ்டாண்டு மதுரைவீரன், இன்னும் சிலர். யாரும் சேர்ந்து உட்காரக்கூடாது என்றார். ஓரத்தில் ஒருவர், நடுவில் ஒருவர். இடைவெளிகளில் ஒரு குடை, ஒரு துணிப்பை, ஒரு டிபன் கேரியர். ஆள் இப்போதுதான் எழுந்து வெற்றிலை எச்சில் துப்பப் போயிருக்கிறார் என்று தோன்ற வேண்டும். மதுரைவீரனுக்குத் தொண்டை பெரிது, கோஷம் அவன் பொறுப்பு. பதினொரு பேரும் ஆறு குடையும் நாலு பையும் சேர்ந்து ஐம்பது பேராகத் தெரிந்தார்கள்.

தலைவர் படியில் நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது. இறங்கி வந்து ஒவ்வொரு தோளாகத் தொட்டு, "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றார். பார்த்துக்கொள்ள அவரிடம் பதவி இல்லை, கேட்பதற்கு அவர்களிடம் குறையும் இல்லை. இரண்டு தரப்புக்கும் திருப்தி. 'பதவி போனாலும் மக்கள் என்னை விடவில்லை' என்று அந்த வாரமே பேட்டி கொடுத்தார்.

இந்தக் கூத்து நாலு வருஷம் நடந்தது. ஆட்கள் மாறினார்கள், குடைகள் மாறின, முதல் பெஞ்சின் வலது ஓரம் மட்டும் மாறவில்லை. இதற்கு நடுவே எழுபத்தேழு நவம்பரில் வெள்ளம் வந்தது. வாய்க்கால் கரை உடைந்து இருதயநாதனின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பின்சுவர் விழுந்தது. ரசீதுகளின் நகல் கரைந்துபோனது. கர்ணம் வைத்திருந்த பழைய கணக்குகளும் ஊறிக் கூழாகிவிட்டன என்று கேள்வி. ஆக, இருதயநாதனின் அப்பா அங்கே குடியிருந்தார் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி மருதை வீட்டு மாடியில் இருந்தது. சேறு படிந்த வேட்டியோடு போய், முதல் தடவையாக வாயைத் திறந்து தலைவரிடமே கேட்டார். "அய்யா, அந்த ரசீதை மட்டும் திருப்பிக் கொடுத்துட்டீங்கன்னா..." கை தோளில் விழுந்தது. "பாத்துக்கலாம்."

எண்பத்தொன்றில் தலைவர் இறந்தார். சாவதற்கு மூன்று மாதம் முன்னால் கட்சி மாறியிருந்தார். அதனால் சவத்தின் மேல் எந்தக் கொடியைப் போர்த்துவது என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஹாலிலேயே கைகலந்தார்கள். கடைசியில் இரண்டு கொடியும் போர்த்தி எடுத்துப்போனார்கள். இருதயநாதன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அழுகையில் பாதி ரசீதுக்காக என்றாலும், மற்ற பாதி சுத்தமான அழுகை. அங்கே அப்படி அழுத ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். தலைவரின் இரண்டு மகன்களும் சாவிக்கொத்து எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தேடி எடுத்ததும் வழக்கு போட்டார்கள். வழக்கு முடியும்வரை வீடு பூட்டிக் கிடந்தது. ரசீதுகளும் உள்ளே கிடந்தன.

வீடு பூட்டிக் கிடந்த ஐந்து வருஷத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த வீடு வரலாற்றுச் சிறப்பு வாய்ந்ததாக ஆகிவிட்டது. கட்டிப் பதினைந்து வருஷமே ஆன வீடு. சுண்ணாம்பே இரண்டு தடவைதான் அடித்திருந்தார்கள். ஆனால் மருதையின் ஜாதிக்காரர்கள் ஓட்டு இரண்டு தொகுதியில் கணிசம் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொல்ல, உடனே ஒரு நினைவு இல்லக் குழு ஏற்பட்டது, மகன்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது, காப்பாளர் என்று ஒரு பதவியும் ஏற்பட்டது. காப்பாளர் யார்? ஜம்புலிங்கம்தான். எண்பத்தாறு ஆகஸ்டில் மந்திரி வந்து திறப்பதாக ஏற்பாடு.

அதே ஆகஸ்டில்தான் இருதயநாதனுக்கு நோட்டீசும் வந்தது. வாய்க்கால் கரையை அகலப்படுத்தப் போகிறார்கள். கரை போக மிச்ச நிலத்தைக் குடியிருப்பு நத்தமாக மாற்றி, பழைய குடிகளுக்குப் பட்டா தருவார்கள். எழுபதுக்கு முன்னாலிருந்து குடியிருப்பதற்கு அசல் அத்தாட்சி காட்டினால் வீடு நிற்கும். காட்டாவிட்டால் இடிபடும். விசாரணை, திறப்பு விழாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

இருதயநாதன் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார். மொட்டைக் கோபுரத்தை ராஜகோபுரமாக எழுப்புகிற வேலைக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே புகுந்து அந்த வீட்டு வாசலை அடைந்தார். ஹால் பளபளவென்று இருந்தது. தலைவரின் மூக்குக் கண்ணாடி, கைத்தடி, பாதி தேய்ந்த சந்தன சோப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பீடம். முதல் பெஞ்சைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, 'உட்காராதீர்' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். ஹாலின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சீட்டாடுகிறவன் கையில் சீட்டை விரித்த மாதிரி அவருடைய அப்பாவின் ரசீதுகள். கீழே எழுதியிருந்தது: 'ஏழை எளியோரின் குறைகளைத் தலைவர் உடனுக்குடன் தீர்த்துவைத்தார் என்பதற்கு ஒரு சான்று.'

"மாடியில கிடந்ததுலயே இதுதாங்க பாக்க லட்சணமா இருந்துச்சு. பழுப்பு நிறம், முத்திரை எல்லாம் அமைஞ்சு வந்திருக்கு," என்றார் ஜம்புலிங்கம். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "திறப்பு விழா மட்டும் முடியட்டும் நாதன். மந்திரி பாத்துட்டுப் போனதும் பெட்டியைத் திறந்து உங்க கையில கொடுத்துடறேன். அதுக்குப் பதிலா நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை சொல்லணும். பயன் அடைஞ்ச ஆளுன்னு ஒருத்தரைத் தேடித் தேடிப் பாத்தாச்சு, ஒருத்தரும் கிடைக்கல."

இரண்டு வார்த்தைதானே என்று ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு இஸ்திரி போட்ட சட்டையில் மேடையேறினார். எதிரே ஆயிரம் பேர். இருபது வருஷமாக இருட்டில் நின்று டிக்கெட் கிழித்தவர் முதன்முறையாகத் திரைப் பக்கம் நின்று கூட்டத்தைப் பார்த்தார். மைக் கையில் வந்தது. அய்யா நல்லவர் என்று சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தார். கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் தோளில் அந்தக் கை விழுந்த மாதிரி இருந்தது. "எழுபத்திரண்டுல நான் மனு கொடுத்த மறுநாளே பட்டா வந்துச்சுங்க! அய்யாவே அவர் கையால கொடுத்தாரு! 'நாதா, உன் வீடு இனிமே உனக்கு'ன்னு சொன்னாரு!" சொல்லச் சொல்ல அது அவருக்கே நடந்த மாதிரி தெரிந்தது. கண்ணில் நீர் வழிந்தது. மந்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொன்னாடையை இவர் தோளில் போட்டார். மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. 'மறுநாளே பட்டா தந்த மாமனிதர். பயனாளி உருக்கம்.'

திங்கட்கிழமை போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஜம்புலிங்கம் கையைப் பிசைந்தார். "மந்திரி பாத்துட்டு, 'இதுதான்யா இந்த வீட்டுக்கே உயிர்'னு சொல்லிட்டாரு. பதிவேட்டுல ஏத்திட்டாங்க. இனிமே என் கையில இல்லீங்க."

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஃபைலைப் பிரித்து, அதில் நூலால் கோத்திருந்த பேப்பர் கட்டிங்கைக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"உங்களுக்கு எழுபத்திரண்டுலயே பட்டா கிடைச்சாச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம் எதுக்குங்க இன்னொரு பட்டா?"

"சார், அது மேடைக்காகச் சொன்னதுங்க."

"சரி, ரசீதைக் காட்டுங்க."

"அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்கு மேல் தன்னால் முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ரோசரியிடம் சொன்னார். பேப்பரில் படம் வந்தது அவளுக்குத் தெரியும். என்ன பேசினார் என்பது தெரியாது. மழுப்பிவிட்டிருந்தார். அவள் முழுவதையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். "மறுநாளேவா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை ரோசரி இரண்டு பாய், ஒரு பம்ப் ஸ்டவ், நாலு பாத்திரம், ஒரு துணி மூட்டை ஆகியவற்றோடு கிளம்பினாள். எங்கே என்று கேட்ட புருஷனிடம், "வாங்க சும்மா" என்றாள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைப் பார்த்து முறைத்தார். அவள் திருப்பி முறைத்தாள். நினைவு இல்லத்துக்குள் நேராகப் போய், சிவப்புக் கயிற்றைத் தூக்கி, முதல் பெஞ்சில் மூட்டையை வைத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த ஈரப்புடவையைக் கயிற்றில் காயப் போட்டாள். பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

ஜம்புலிங்கம் ஓடிவந்தார். "என்னம்மா இது? என்ன பண்றீங்க?"

"குடி வந்திருக்கோங்க."

"குடியா? இது நினைவு இல்லம்மா!"

"தெரியுதுங்க. எங்க வீட்டை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இடிச்சிடுவாங்களாம். ஆனா உங்க தலைவரு எங்களுக்குப் பட்டா கொடுத்துட்டாருன்னு பேப்பர்ல போட்டிருக்கு. உறையூர்ல தேடிப் பாத்துட்டேன், பட்டா போட்ட வீடு ஒண்ணும் காணோம். அப்ப அது இந்த வீடாத்தானே இருக்கணும்?"

"நாதன், நீங்களாவது சொல்லுங்க!"

நாதன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் ஒரு கான்வென்டிலிருந்து பெண் பிள்ளைகள் இரண்டு வரிசையாக வந்துவிட்டார்கள். கூட வந்த டீச்சர், தலைவர் காலத்தில் ஏழைகள் எப்படி இங்கே தங்கிச் சமைத்தார்கள் என்பதைத் தத்ரூபமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ரோசரி யாரையும் சட்டை செய்யாமல் மூட்டையைப் பிரித்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நெத்திலிக் கருவாடு.

அம்மா மண்டபம் ரோட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவேரியில் ஸ்நானம் செய்துவிட்டு ஈர வேஷ்டியோடு திரும்பிக்கொண்டிருந்த பெரியவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். "இது என்ன அபசாரம்! பெருமாள் இருக்கிற ஊரா இது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். இன்னொருவர் கலெக்டருக்குத் தந்தி கொடுக்கப் போவதாகச் சொன்னார். வேறொருவர், அந்த மருதை உயிரோடு இருந்தபோது செய்ய நினைத்ததைச் செத்த பிறகு சாதித்துவிட்டான் என்றார். ஜம்புலிங்கம் மூக்கை வேட்டியால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். திருவானைக்காவலில் பிறந்த சைவர். மாமிச வாடை பட்டாலே தலைவலி வந்துவிடும்.

"இன்னும் எவ்வளவு நாளும்மா இருப்பீங்க?"

"மத்தியானத்துக்கு இது. ராத்திரிக்கு மத்தி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

ஜம்புலிங்கத்தின் இடுப்பிலிருந்து சாவி வந்தது. பதிவேடாவது ஒன்றாவது. ஜம்புலிங்கம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ரசீதுகளை வாரி ரோசரியின் கையில் திணித்தார். அவள் ஒவ்வொன்றாக வருஷம் பார்த்து அடுக்கிச் சரி என்று தலையாட்டிவிட்டு, ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டாள். குழம்பை என்ன செய்வது என்று ஜம்புலிங்கம் கேட்டார். அது தூக்குவாளியில் வீட்டுக்கு வரும் என்றாள்.

இருதயநாதன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அய்யா இதைப் பாத்தப்ப என்னங்க சொன்னாரு?"

"எதை?"

"இந்த ரசீதை. என் மனுவை."

"தலைவரா?" ஜம்புலிங்கம் ஜன்னல்களைத் திறந்துகொண்டே பேசினார். "மேலே பதினாறு மூட்டை மனு கிடந்துச்சு நாதன். கட்டுன கயிறு கட்டுனபடியே இருந்துச்சு. போன மாசம் நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணா அவுத்தேன். தும்மித் தும்மி உசுரு போயிடுச்சு."

அவர் பொய் சொல்கிறார் என்று இருதயநாதன் நினைத்துக்கொண்டார். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டியிருப்பார்கள். அல்லது, பிரிக்காமலே அய்யாவுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது வருஷம் தினமும் பார்த்த ஆளின் குறை என்ன என்று தெரியாமலா போகும்? பஸ்ஸில் திரும்பும்போது இதை ரோசரியிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் ரசீதுகளை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். நெற்றியில் ஸ்டவ் கரி. அவளை எழுப்ப மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் அதிகாரி ரசீதுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்குங்க. ஐம்பத்து மூணுலேர்ந்து இருக்கு. ஆனா அந்தப் பேப்பர் கட்டிங் ஃபைல்ல ஏறிடுச்சே. அதுல சொன்னது உண்மையில்லன்னு உங்க கைப்பட எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துடுங்க. முடிஞ்சது."

வெள்ளைக் காகிதம் கொடுத்தார்கள். இருதயநாதன் மேஜை ஓரத்தில் குனிந்து எழுதினார். 'வை. மருதை அவர்கள் எனக்குப் பட்டா வாங்கித் தரவில்லை. மேடையில் நான் சொன்னது உண்மை அல்ல.' இது சுலபமாக வந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "மனு கொடுத்தீங்கல்ல, அது என்ன ஆச்சுன்னும் ஒரு வரி எழுதிடுங்க."

பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்சம் கூட்டி, மழுப்பி எழுதலாமா என்று பார்த்தார். பரிசீலனையில் இருந்தது என்று எழுதலாம். அய்யா மறந்திருப்பார் என்று எழுதலாம்.

"எழுதுங்க," என்றாள் ரோசரி. அவள் குரலில் கோபம் இல்லை.

எழுதினார். 'என் மனுவை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது.'

அதிகாரி வாங்கிப் படித்தார். "முதல் வரி போதுங்க. நீங்க யாருன்னு தெரியாதுங்கறது ஃபைலுக்குத் தேவையில்ல. அடிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும் சார்," என்றார் இருதயநாதன். காகிதத்தைத் திரும்ப வாங்கி, அந்த வரிக்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.